டாக்டர் வெளியே போன நேரத்தில் போட்ட வென்ஃப்ளான்

ஒரு வாசகியின் கடிதமும் கால்நடை மருத்துவரின் பதிலும்

கடிதம் நான்கு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

காரைக்குடியை அடுத்த ஓர் ஊர். வயது 23. விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு, ஒரு தனியார் கிளினிக்கில் பதினான்கு மாதமாக உதவியாளராக இருக்கிறார். நாயும் பூனையும்தான் அதிகம் வருகின்றன, அவ்வப்போது ஆடு, கன்றுக்குட்டி. "மேசை துடைப்பது, நாயைப் பிடிப்பது, பில் போடுவது. இந்த மூன்றைத் தவிர டாக்டர் எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை" என்பது அவருடைய முதல் குறை. ஊசி போடுவதை வீடியோ பார்த்துத் தானே பழகியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன், டாக்டர் போன் பேச வெளியே போன நேரத்தில், ட்ரிப்ஸுக்காகக் காத்திருந்த ஒரு லாப்ரடாருக்கு வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழாய்) போட்டுவிட்டார். ஒரே குத்தில் சரியாக இறங்கிவிட்டது. திரும்பி வந்த டாக்டர் பாராட்டவில்லை, கோபப்பட்டார். அன்று முதல் ஊசி ட்ரேயைத் தொடவே விடுவதில்லை.

வெளியில் நிலைமை தலைகீழ். தெருவில் எல்லோருக்கும் இவர் "குட்டி டாக்டர்". பூனைக்குக் காய்ச்சல் என்று ஆச்சிமார் கூப்பிட்டு விடுகிறார்கள். மஞ்சுவிரட்டுக் காளை வளர்க்கும் தாய்மாமா, காளையின் கால் வீங்கியபோது மெடிக்கல் ஷாப்பில் வலி ஊசி வாங்கி வைத்துக்கொண்டு "நீ இருக்கையில எதுக்கு டாக்டரு, போடுத்தா" என்றாராம். இதற்கிடையில் ஒரு நிறுவனம் ஆறு மாத ஆன்லைன் "கால்நடை நர்சிங் டிப்ளமோ" ஒன்றை விளம்பரப்படுத்துகிறது. கட்டணம் ஒன்றரை லட்சம். முடித்தால் சொந்தமாகக் கிளினிக் வைக்கலாம், லண்டனிலும் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "நாலு மாதம் முன்பு ஒரு டாபர்மேன் கையில் கடித்தது. வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்பதால் நான் ஊசி எதுவும் போட்டுக்கொள்ளவில்லை." அதற்குக் கீழே கேள்வி: "நான் நர்ஸா, நாய் பிடிக்கிற ஆளா? சொல்லுங்கள் சார்."

முதலில் உங்கள் கை

நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அந்த டாபர்மேன் போன வாரம்கூட நகம் வெட்ட வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தப்பித்தது அதனால் மட்டும்தான். கடித்த நாய் பத்து நாள் கழித்தும் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று அர்த்தம். வீட்டு நாய் என்பதோ, தடுப்பூசி அட்டை இருக்கிறது என்பதோ உங்களைக் காப்பாற்றவில்லை. வீட்டு நாய்க்கும் ரேபிஸ் வரும். அட்டையில் தேதி இருந்தும் ஃபிரிட்ஜ் கெட்டுப்போய் வீணான மருந்தைப் போட்டிருக்கலாம். பத்து நாள் பார்த்த பிறகு ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்பதும் கூடாது. அன்றைக்கே ஊசியை ஆரம்பித்துவிட்டு, அப்புறம் நாயைக் கவனிக்க வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் தொழிலில் இருக்கும் நம் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் கடிபட்ட கையை ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுத்த நாயைத் தூக்குகிறோம். நானும் செய்திருக்கிறேன். தப்பு.

இந்த வேலையில் இருப்பவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மூன்று ஊசி: முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21ஆம் நாளோ 28ஆம் நாளோ. இதை முடித்துவிட்டால், பின்னாளில் கடிபட்டாலும் கடித்த அன்று ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசி போதும். காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. முன்னால் போட்டுக்கொள்ளாதவர் கடிபட்டால் முழு வரிசையும் போட வேண்டும், ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலினும் சேரும். கடித்த உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது இரண்டு பேருக்குமே பொதுவானது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். நாமாக நினைக்கிற பதினைந்து நிமிடம் இரண்டு நிமிடம்தான் இருக்கும். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய், கால்நடை கிளினிக்கில் வேலை செய்கிறேன் என்று சொல்லி ஊசியைத் தொடங்குங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள்.

அந்த வென்ஃப்ளான்

சரி, இப்போது லாப்ரடாருக்கு வருவோம். ஒரே குத்தில் நரம்பில் இறங்கியது சின்ன விஷயம் இல்லை. உங்களுக்குக் கை இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான்கு பக்கக் கடிதத்தில் அந்த நாயின் எடை எங்கேயும் இல்லை. என்ன நோய், என்ன மருந்து ஏறவிருந்தது, போட்ட பிறகு அந்தக் கால் வீங்கியதா இல்லையா, எதுவும் இல்லை. ஊசி இறங்கிய கணத்தோடு உங்கள் கதை முடிந்துவிடுகிறது. நர்ஸின் வேலை அந்தக் கணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். படிப்பை முடித்த முதல் வருடம். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு பொமரேனியன் வந்தது. நாலு கிலோ. இரண்டு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போய்விட்டது. வென்ஃப்ளான் போட்டேன், முதல் குத்திலேயே. ரத்தம் ஏறியதைப் பார்த்த சந்தோஷத்தில் ட்ரிப்ஸின் ரோலரைத் தாராளமாகத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நிமிடத்துக்கு நாற்பது சொட்டாவது ஓடியிருக்கும். எனக்கு அப்போது அது வேகமாகவே தெரியவில்லை. மனிதர்களுக்கு அப்படி ஓடிப் பார்த்துப் பழகிய கண்.

அங்கே ஒரு கம்பவுண்டர் இருந்தார். பத்தாம் வகுப்பு படித்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அரைத் தூக்கத்தில் இருந்த என்னை வந்து எழுப்பினார். "சார், அது மூச்சு வாங்குற விதம் சரியில்ல. மூக்குல தண்ணி வருது. நான் குழாய அடைச்சிட்டேன், வாங்க" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருந்தது. ரோலரை அவர் மூடியிருக்காவிட்டால் அந்த நாய் அன்றிரவு செத்திருக்கும், என்னால்.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு சுமார் 50 மில்லி என்று வைத்தால், நாலு கிலோவுக்கு 200 மில்லி. மணிக்கு எட்டு மில்லிக்குச் சற்று மேல். சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, ஆக நிமிடத்துக்கு மூன்று சொட்டுகூட வராது. நீரிழப்பை ஈடுகட்டக் கூடுதலாகக் கொடுப்போம், அதற்கு டாக்டர் தனியாகக் கணக்குப் போடுவார். ஆனாலும் நாற்பது சொட்டு எங்கே, மூன்று சொட்டு எங்கே. இவ்வளவு சின்ன உடம்புக்கு 60 சொட்டு ஒரு மில்லி என்று ஓடும் மைக்ரோ செட்டை மாட்டியிருக்க வேண்டும். அது நிமிடத்துக்கு எட்டுச் சொட்டு, எண்ணிப் பார்க்க முடியும். இந்தக் கணக்கு உங்களுக்குத் தூக்கத்திலும் வர வேண்டும். வென்ஃப்ளானுக்கு முன்னால் இதைப் பழகுங்கள்.

உங்கள் டாக்டர் கோபப்பட்டதில் இதுவும் இருந்திருக்கும். தன் பெயரில் இருக்கும் பதிவும் அந்த நாயின் உயிரும் தான் அறையில் இல்லாத நேரத்தில் கைமாறியதை அவர் பார்த்தார். அதே சமயம், ஒரு முறை கோபப்பட்டுவிட்டு மூன்று மாதம் ட்ரேயைப் பூட்டி வைப்பது அவர் தரப்பில் சரியில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984ஆம் வருடத்தது. அதன் 30ஆம் பிரிவின்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே வைத்தியம் பார்க்கலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. கால்நடைப் பராமரிப்புத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ தந்த மேற்பார்வையாளர், ஸ்டாக்மேன் (கால்நடை உதவியாளர்) போன்ற சான்றிதழ் வைத்திருப்பவர்கள், மாநில அரசு ஆணையிட்டு அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகளைச் செய்யலாம். தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது போன்ற முதலுதவிகளையும், அரசு அறிவிக்கும் வேறு சிலவற்றையும் அந்தச் சட்டம் சிறு சேவை என்கிறது.

"கால்நடை நர்ஸ்" என்ற பெயரில் இங்கே யாருக்கும் பதிவு கிடையாது. மனிதர்களுக்கான நர்ஸுகளுக்குக் கவுன்சில் இருப்பது போல இதற்கு இல்லை. அது ஒரு குறை என்பதே என் கருத்து. நாடு முழுக்க உங்களைப் போல எத்தனையோ பேர் நாய்களுக்கு இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பெயர்கூட இல்லை. ஆனால் சட்டம் மாறுகிற வரை நீங்கள் செய்யும் ஒவ்வொன்றும் உங்கள் டாக்டரின் கண் முன்னால், அவர் பொறுப்பில்தான் நடக்க முடியும். அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்குப் போய் ஊசி போட்டு ஏதாவது ஆனால், "கிளினிக்கில் வேலை செய்கிறேன்" என்பது உங்களைக் காப்பாற்றாது.

அதனால் மாமாவின் காளைக்கு ஊசி போடாதது நல்லது. இதில் சட்டத்தோடு இன்னொன்றும் இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வலி ஊசி என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது டைக்ளோஃபினாக். மாடுகளுக்கு அதைப் போடுவது 2006லேயே தடை செய்யப்பட்டது. அந்த மருந்து ஏறிய மாடு செத்தால், பிணத்தைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் சாகின்றன. நம் நாட்டில் பாறு அநேகமாக அழிந்துபோனதற்கு இதுதான் முக்கியக் காரணம். அப்புறம், வீங்கிய காலில் எலும்பு விரிசல் விட்டிருந்தால், வலியை மட்டும் அடக்கிவிட்டால் காளை அதே காலை ஊன்றி ஓடும். சிராவயல் மஞ்சுவிரட்டுத் திடலில் அப்படி ஒரு காளை விழுந்து எழ முடியாமல் கிடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாமாவிடம் 1962 என்ற எண்ணைக் கொடுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வீட்டுக்கே வரும். "எனக்குத் தெரியாது மாமா" என்று சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், "எனக்கு அனுமதி இல்லை மாமா" என்று சொல்லுங்கள். அதுவும் உண்மைதான்.

ஆச்சிமார் விஷயத்தில் மட்டும் நீங்கள் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பூனைக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் கை முதலில் பாரசிட்டமால் டப்பாவுக்குத்தான் போகும். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடும். இதை ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் நின்று சொல்லுங்கள். ஊசியே போடாமல் நீங்கள் காப்பாற்றப்போகும் பூனைகள் நிறைய இருக்கும்.

துடைப்பதும் பிடிப்பதும்

நீங்கள் குறையாகச் சொன்ன மூன்றில் இரண்டு, நர்ஸ் வேலையின் நடுநாயகம். மூன்றாவதான பில் போடுவதை மட்டும் வேறு ஆளிடம் தரச் சொல்லி நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

துடைப்பதைப் பாருங்கள். பார்வோ (நாய்க்குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) வந்த குட்டி படுத்திருந்த கூண்டை நம் ஊரில் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். வாசம் வரும், பார்வோ வைரஸ் அப்படியே இருக்கும். டெட்டாலுக்கும் போகாது, ஸ்பிரிட்டுக்கும் போகாது. மாதக்கணக்கில் அந்த மூலையில் காத்திருந்து, தடுப்பூசிக்கு வரும் அடுத்த குட்டியைப் பிடிக்கும். மலத்தையும் வாந்தியையும் முதலில் சோப்புத் தண்ணீரால் முழுக்கக் கழுவி எடுத்துவிட்டு, பிளீச்சிங் திரவத்தை முப்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் நிற்கவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. அந்தக் கூண்டுக்குத் தனித் துடைப்பம், தனிச் செருப்பு. இதைச் சரியாகச் செய்யும் ஒரே ஓர் ஆள் இருந்தால் போதும், அந்தக் கிளினிக்கில் பார்வோ ஒரு குட்டியிலிருந்து அடுத்த குட்டிக்குத் தாவாது. நீங்கள் எப்படித் துடைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தால் உங்களைப் பற்றி எனக்கு இன்னும் நிறையத் தெரிந்திருக்கும்.

பிடிப்பது இன்னும் பெரிய கலை. ஒருமுறை ஒரு பெரிய வளவு வீட்டுக்குப் போயிருந்தோம். பதிமூன்று வயது லாப்ரடார், இடுப்பு பலவீனம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி மாதிரி வழவழப்பு. நாய் எழ முயலும்போதெல்லாம் பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கம் வழுக்கிப் போகிறது. பயத்தில் உறுமுகிறது. நான் வாய்க்கட்டை எடுத்தேன். முன்னே சொன்ன அதே கம்பவுண்டர்தான் கூட வந்திருந்தார். என் கையைத் தட்டிவிட்டு, "ஆச்சி, ஒரு பாய் இருந்தா குடுங்க" என்றார். பாயை விரித்து, நாயின் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். கால் பிடிமானம் கிடைத்ததும் உறுமல் நின்றது. வாய்க்கட்டு தேவையே படவில்லை. நான் இடுப்பை அழுத்திப் பார்த்தபோது அது அவருடைய கையை நக்கிக்கொண்டிருந்தது. உங்கள் கிளினிக்கின் எவர்சில்வர் மேசையும் நாய்க்கு இப்படித்தான் இருக்கும். அதன் மேல் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுப் பாருங்கள், உங்களைக் கடிக்க வரும் நாய்களில் பாதி அமைதியாகிவிடும்.

நாய் கடிப்பதற்கு முன் எச்சரிக்கும். உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். அந்த டாபர்மேன் இவற்றில் எதைச் செய்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாயை இறுகக் கட்டக் கூடாது, மூச்சு முட்டும். பூனையைப் பிடரியில் தூக்கித் தொங்கவிடாமல் துண்டில் சுற்றுங்கள். சுற்றும்போது ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே விடுவதற்கே இருபது முறை பழக வேண்டும்.

அடுத்தது, பார்ப்பது. அறுவை முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றுவார், உரிமையாளரிடம் பேசப் போவார். மயக்கத்திலிருந்து விழிக்கும் அந்த நேரம்தான் ஆபத்தானது. மயக்க மருந்தோடு தொடர்புள்ள சாவுகளில் கணிசமானவை அறுவை முடிந்த முதல் மூன்று மணி நேரத்தில் நடக்கின்றன. அந்த மூன்று மணி நேரம் நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறவர் நீங்கள். ஈறு ரோஜா நிறமாக இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்புகிறதா? தொடையின் உள்பக்கத்தில் நாடி எப்படி? உடம்புச் சூடு 100 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகிறதா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துத் தாளில் எழுதுங்கள். சூடு குறைந்தால் போர்த்துங்கள். வெந்நீர்ப் பாட்டிலை நேராகத் தோலில் வைக்காதீர்கள், மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகராது. விழித்திருக்கும் நாய்க்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை, பூனைக்கு 140 முதல் 220 வரை என்று புத்தகம் சொல்லும். ஆனால் நூறு ஆரோக்கியமான நாய்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்ட பிறகுதான் நூற்றியோராவது நாயின் துடிப்பு சரியில்லை என்று உங்களுக்குத் தெரியும். இதற்கு டாக்டர் மறுக்க மாட்டார். தினமும் வரும் ஒவ்வொரு நாய்க்கும் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் குறிப்பது. கத்தி கத்தரிகளை வெந்நீரில் கொதிக்கவைத்துவிட்டுச் சுத்தம் என்று நம்பாமல் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் கலம்) 121 டிகிரியில் வைப்பது. காதோரத்து ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய ஸ்மியராக இழுப்பது. உண்ணிக் காய்ச்சல் அதிகமுள்ள நம் ஊரில் இது தினசரி வேலை. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாமல் நேராக ஷார்ப்ஸ் டப்பாவில் போடுவது.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது

கூட்டம் இல்லாத ஒரு மதியத்தில் போய் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், அந்த லாப்ரடாருக்காக. "கற்றுத்தரவில்லை" என்று தொடங்காதீர்கள். ஒரு நோட்டை வாங்கி, பக்கத்துக்கு ஒரு வேலை என்று தலைப்பிட்டு, அதோடு போங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, விலங்கு, எடை, அப்புறம் நான்கு கட்டம்: பார்த்தேன், கூட நின்று உதவினேன், டாக்டர் பார்க்கச் செய்தேன், டாக்டர் அதே அறையில் இருக்க நானே செய்தேன். கடைசியில் அவர் கையெழுத்துக்கு இடம். மாதம் ஒரு வேலை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் யாரும் பயப்படுவார்கள். நீங்கள் நோட்டோடு வந்து நின்றால் அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை திரும்ப ஒரு வழி கிடைக்கும்.

உயிருள்ள நாயில் தொடங்கவும் வேண்டாம். பழைய ட்ரிப் குழாயில் சிவப்புச் சாயத் தண்ணீரை நிரப்பி, ஸ்பாஞ்சுக்குள் புதைத்து, மேலே மெல்லிய துணியை இழுத்துக் கட்டுங்கள். வென்ஃப்ளான் பழக இது போதும். டேப் ஒட்டுவதற்கு ஒரு பொம்மைக் கால். தோலுக்கடியில் ஊசி போட்டுப் பழகக் கறிக்கடையில் தோலோடு வாங்கிய கோழித் தொடை. வாய்க்கட்டுக்கு வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு நாய் பொம்மை. கண்ணை மூடிக்கொண்டு பத்து வினாடியில் கட்ட வரும் வரை கட்டுங்கள்.

அவரிடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. கையுறை, எக்ஸ்ரே எடுக்கும்போது ஈய அங்கி, ரேபிஸ் தடுப்பூசிக்கு ஒரு நாள் விடுப்பு. இவை சலுகைகள் இல்லை. மூன்று மாதம் இப்படி முயன்றும் அவர் அந்த நோட்டைத் திறக்கவே இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். மதுரையிலும் திருச்சியிலும் அறுவை அதிகம் நடக்கும் பெரிய கிளினிக்குகள் இருக்கின்றன. ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே சில நாள் நின்று பார்க்க அனுமதி கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள். கேட்பதில் நட்டம் இல்லை.

அந்த ஒன்றரை லட்சம்

கட்டாதீர்கள். "சொந்தமாகக் கிளினிக் வைக்கலாம்" என்ற ஒரு வரி போதும், அந்த விளம்பரம் உண்மை பேசவில்லை என்று தெரிந்துகொள்ள. மேலே சொன்ன சட்டத்தை அவர்களால் ஒரு சான்றிதழ் அச்சடித்து மாற்ற முடியாது.

லண்டன் பற்றியும் சொல்கிறேன். பிரிட்டனில் இந்த வேலைக்கு 1961 முதலே முறையான பயிற்சித் திட்டம் இருக்கிறது. இன்று அங்கே பதிவு பெற்ற கால்நடை நர்ஸ் ஆக வேண்டுமென்றால், அவர்களுடைய கால்நடை மருத்துவக் கழகம் அங்கீகரித்த படிப்பும், அங்கீகரித்த மருத்துவமனையில் 1,800 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மேசையாகப் போய், தேர்வாளர் பார்க்க ஒவ்வொரு படியையும் செய்து காட்ட வேண்டும். கை கழுவாமல் தொடங்கினால் அதற்கு மதிப்பெண் போகும். இதையெல்லாம் கடந்தவருக்குத்தான் அங்கே டாக்டரின் அறிவுறுத்தலின்படி சிறு அறுவைகூடச் செய்ய உரிமை இருக்கிறது, அதுவும் உடலின் உள்ளறைகளைத் திறக்காத அளவில். ஆறு மாதம் போனில் வீடியோ பார்த்து அந்தப் பதிவுக்குப் போக வழியில்லை.

வேறு ஏதாவது படிப்பு கண்ணில் பட்டால் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் உண்மையான விலங்குகளோடு, எந்த மருத்துவமனையில்? செய்முறைத் தேர்வை எடுப்பவர் பதிவு பெற்ற கால்நடை மருத்துவரா? மத்திய அரசு திறன் படிப்புகளைத் தரம் பிரிக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இந்தப் படிப்பு எந்த நிலையில் வருகிறது, எழுத்தில் தருவீர்களா? பதில் வராமல் "சீட் முடியப்போகிறது" என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். அம்மாவிடம் நகை பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அவர் தரத் தயாராக இருப்பது உங்கள் மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது, அதை நல்ல இடத்தில் செலவிட இன்னும் காலம் இருக்கிறது.

நர்ஸா, நாய் பிடிக்கிற ஆளா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பொமரேனியனுக்கு நான் டாக்டர், கம்பவுண்டர் நாய் பிடிக்கிற ஆள். அன்றிரவு அதன் மூச்சைக் கவனித்தவர் அவர்.

நோட்டை வாங்கியதும் முதல் பக்கத்துக்கு "வென்ஃப்ளான்" என்று தலைப்பிட்டு, அந்த லாப்ரடாரிலிருந்தே தொடங்குங்கள். தேதி எழுதுங்கள். கேஸ் ஷீட்டைத் தேடி அதன் எடையை எழுதுங்கள். டாக்டர் அறையில் இல்லை என்பதையும் எழுதி, அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.